சேதாரம்

எட்டரை மணிக்குக் கொலுசுத் தட்டைத் தூக்கிக்கொண்டு
டிவி முன் வந்து உட்கார்ந்துவிடுவாள் அம்மா.
நாற்பது ஜோடி. காலை பத்துக்குள்
செவ்வாய்ப்பேட்டையில் எடை போட்டாக வேண்டும்.
குறடும் விரலும் தம்பாட்டுக்குச் சலங்கை கோர்க்கும்,
கண் மட்டும் மங்கையர்க்கரசி மேல்.

மங்கையர்க்கரசி இன்றைக்கும்
துக்க வீட்டுக்குப் பட்டுடுத்தித்தான் வந்திருக்கிறாள்.
மருமகன் ஆஸ்பத்திரியில் கிடந்ததை
மகளிடம் பதினோரு எபிசோடு மறைத்தவள்.
நிவேதிதா பேசவில்லை, சுவரில் சாய்ந்திருக்கிறாள்.
மூன்று முறை அவள் முகத்தைக் காட்டுகிறார்கள்,
மூன்று முறையும் இடி இடிக்கிறது.
சிவதாபுரத்தில் மழை பெய்து இரண்டு மாதம் ஆயிற்று.

"பெத்தவளா இவ?" என்கிறாள் அம்மா.
"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
மூஞ்சியையாவது பாத்திருப்பாளே அந்தப் புள்ள."

நான் ரசத்துக்குச் சோறு பிசைகிறேன்.
பிசைந்துகொண்டே இருக்கிறேன்.

நாமக்கல் விடுதி. மறுநாள் குரூப் நான்கு தேர்வு.
சபரிகிட்ட போனைக் குடு என்றேன்.
"தூங்குறான்" என்றாள்.
பின்னால் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று
உருண்டு போகும் சத்தம்.
பக்கத்து வீட்டுத் தறிக்குப் பாவு வந்திருக்கும்
என்று நினைத்துக்கொண்டு
வினா வங்கியைப் புரட்டினேன்.

இருநூறு வட்டங்களைக் கருப்பாக்கிவிட்டு
பஸ் ஏறி வந்து இறங்கியபோது
நிறுத்தத்துச் சுவரில் இருந்தான் என் தம்பி.
கண்ணீர் அஞ்சலி. பசை காயவில்லை.
கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ,
நான் எடுத்தது.

வேலை கிடைத்தது.
தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று மனுக்கள்
என் மேஜைக்குத்தான் வருகின்றன.
மாசம் பிறந்தால் சம்பளம்.
இந்த வீட்டில் வேகும் அரிசிக்குள்
அந்த ஒரு வார்த்தை இருக்கிறது.

மூன்று வருடமாக அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
பேச வேண்டியதை எட்டரையிலிருந்து ஒன்பது வரை
அவர்கள் இரண்டு பேரும் பேசிவிடுகிறார்கள்,
நடுவில் சோப்பு, நகைக்கடன், மறுபடி சோப்பு.
ஒருநாள் மனசு கேட்காமல் சொன்னேன்:
"மகளும் ஒடஞ்சி போயிடுவாளோன்னு பயந்திருப்பா, பாவம்."
"பயமா? திமிரு" என்றாள் அம்மா.
"அவளுக்குப் பரிஞ்சுகிட்டு வராத."

போன வியாழக்கிழமை
திரையின் அடியில் எழுத்து ஓடியது:
இனி மங்கையர்க்கரசியாக இவர்.
இவர் உயரம். மூக்குத்தி வலப்பக்கம்.
நிவேதிதா நிமிர்ந்து பார்த்தாள்,
துளி வித்தியாசம் தெரியாதவள்போல
"அம்மா" என்று மடியில் விழுந்து அழுதாள்.
இடிகூட இல்லை.

குறடு நின்றது.
"ஆளை மாத்திட்டா அழுதுருவாளா?"
யாரிடம் கேட்டாளோ,
விளம்பரம் வந்துவிட்டது.

இரவு தராசில் வைத்தால் முக்கால் கிராம் குறைகிறது.
கிலோவுக்கு இவ்வளவு என்று சேதாரம் தருவார்கள்,
அதற்கு மேல் போனால் கூலியில் பிடிப்பார்கள்.
வெள்ளி காந்தத்துக்கும் ஒட்டாது.
டிவியை அணைத்துவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் தரையைத் தடவினோம்,
நான் கதவோரம்,
அவள் கட்டிலுக்கு அடியில்
பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு.

"தூங்கல" என்றது கட்டிலின் அடி.

நான் கையை எடுக்கவில்லை தரையிலிருந்து.

"அன்னிக்கு. அவன் தூங்கல."

சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது, அதில் ஒட்டடை.
அவளுடைய இரண்டு பாதங்களும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன,
திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"தெரியும்மா" என்றேன்.
வேறொன்றும் வாயில் வரவில்லை.

தறி ஓடிக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டில்.
குதிகாலில் ஏதோ குத்தியது.
எடுத்துப் பார்த்தேன், சலங்கைகள், கொத்தாக மூன்று.

"கெடச்சுதா?" என்றாள் உள்ளிருந்து.

உள்ளங்கையை மூடிக்கொண்டு
"இல்ல" என்றேன்,
"இன்னும் தேடு."